ஆமைக்குஞ்சுகளின் தேரோட்டம்

“ஏட்டி, பேண்டேஜ் துணியா? யாருக்குக் காலு ஒடிஞ்சிருக்கு?”

சிவபாண்டி கேட்டதும் சுற்றுலா பஸ்ஸே சிரித்தது. பாண்டீஸ்வரிக்கு அழுகை முட்டியது. பையை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவள் அம்மா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். முகம் துடைக்க, சோறு வடிக்க, பொம்மைக்குச் சேலை கட்ட என்று அவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த வலை போன்ற வெள்ளைத் துணிதான். “கடல்ல நனைஞ்சா தலை துவட்டணும்ல” என்று அம்மா ஒரு பெரிய சுருளையே பையில் திணித்திருந்தார். பள்ளிக்கூடம் முழுவதற்கும் தலை துவட்டலாம்!

விடியும்போது பஸ் கடலோரப் பூங்காவை அடைந்தது. அங்கே மணலில் வேலி போட்டு ஆமை முட்டைகளைக் காத்துவந்தார்கள். அன்று பொரிந்த குஞ்சுகள் ஒரு கூடைக்குள் நெளிந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

“இதுக வெளிச்சத்தைப் பாத்துத் தானாவே நடந்து கடலுக்குப் போகணும். நாம தூக்கிட்டுப் போகக் கூடாது” என்றார் வனக்காவலர் வெள்ளத்தாய் அக்கா.

அவர் கூடையைச் சாய்க்கப் போனார். அவ்வளவுதான், எங்கிருந்தோ ஒரு காக்காய்க் கூட்டம் வந்து தலைக்கு மேல் சுற்றியது. விரட்ட விரட்டத் திரும்பி வந்தது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. “இப்ப விட்டா ஒண்ணுகூட மிஞ்சாது. வெயில் ஏறுனா மணலு சுட்டுரும். என்ன செய்யன்னே தெரியல.”

கூடைக்குள் ஒரு குஞ்சு, கடல் இருந்த பக்கமே முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தது. பாண்டீஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று துணியை வெளியே எடுத்தாள்.

“அக்கா, இதைப் பந்தல் மாதிரி புடிப்போமா? வெளிச்சம் உள்ள வரும், காக்கா வராது.”

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று துணியை விரித்தார்கள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

“ஓரத்தைக் கையில சுத்திக்கோங்க. எங்கம்மா அப்படித்தான் இழுத்துப் புடிச்சு மடிக்கும்!” என்று கத்தினாள் பாண்டீஸ்வரி.

துணி விறைப்பாக நின்றது. குஞ்சுகள் அதற்கடியில் நடக்கத் தொடங்கின.

“ஐயோ, துணி கடல் வரைக்கும் எட்டாதே!” என்று பதறினான் சிவபாண்டி.

“எட்டாட்டி என்னலே? நாமளும் கூடவே நகருவோம்!”

சிவபாண்டியின் கண் விரிந்தது. அவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஆயிற்றே! “தேர் மாதிரியா? அது எங்க ஊரு வேலைல்லா! ம்... மெதுவா... நில்லு!”

பந்தல் மெல்ல நகர்ந்தது. ஒரு குஞ்சு பள்ளத்தில் விழுந்தபோது தேரே நின்றது. அது தத்தித் தத்தி ஏறியதும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கையில் துணி இருந்ததால் கைதட்ட முடியவில்லை! மேலே காக்காய்கள் தொண்டை கிழியக் கத்தின.

கடைசிக் குஞ்சையும் ஒரு பெரிய அலை வந்து அள்ளிக்கொண்டு போனது.

“தேர் நிலைக்கு வந்துருச்சு!” என்று துள்ளினான் சிவபாண்டி. புடவை நனைந்ததைக்கூடப் பார்க்காமல், பிள்ளைகளைக் கூட்டிவந்த ஷெரின் டீச்சரும் துள்ளினார். வெள்ளத்தாய் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாண்டீஸ்வரியைக் கட்டிப்பிடித்தார்.

அந்த அலை சிவபாண்டியையும் முழுக்க நனைத்துவிட்டது. நடுங்கிக்கொண்டே அவன் பாண்டீஸ்வரியிடம் வந்தான்.

“அந்தத் துணியில கொஞ்சம் தாயேன், தலை துவட்ட...”

“ஏலே, யாருக்குக் காலு ஒடிஞ்சிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே, சுருளின் நனையாத முனையை அவன் தலையில் போட்டாள் பாண்டீஸ்வரி.