கீறல் விழாத அடுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எழுபத்தொன்பது டிகிரிக் குளிரில், பொற்கொடி தன் வீட்டு முற்றத்தில் நின்று அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள்துறைக் குடியிருப்பில் அந்த நேரத்துக்கு எல்லா முற்றத்திலும் யாராவது ஒருவர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டனில் வானத்திலிருந்து பழுப்புப் பிசின் ஒன்று ஓயாமல் இறங்கும். எவர்சில்வர் மேல் ஒரு வாரம் விட்டால் கறை. ஒரு மாதம் விட்டால் அது அடுப்பா பாறையா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முற்றம் என்றால் பனிப்பாறையில் செதுக்கிய பத்தடி மேடை. வெளிச்சட்டையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் காற்றுவாசலைத் தாண்டி அங்கே போக முடியும். பொற்கொடி வெந்துணியை முறுக்கிச் சூடேற்றினாள். துணிக்குள் ஓடும் மெல்லிய கம்பிகள் சூடானதும் பிசின் இளகும். எவர்சில்வரில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் உண்டு, கோடு போகும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் கீறல் விழும். மூடி, கம்பித்தட்டு, அதற்குக் கீழே தீ வரும் குழாய்கள் என்று வரிசையாகத் துடைத்தாள். குழாயின் துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தாள். எண்ணெய் வடிவதற்கென்று அடியில் வைத்திருந்த தட்டையும் இழுத்துத் துடைத்தாள். அந்தத் தட்டு இருபத்தாறு வருஷத்தில் ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்ததில்லை.

ஏனென்றால் அந்த அடுப்பு ஒரு நாள்கூட எரிந்ததில்லை.

பூமியில் அடுப்பு எரிய வேண்டுமானால் உருளையில் எரிவாயு வேண்டும். பிராணவாயு சும்மா கிடைக்கும். டைட்டனில் கதையே தலைகீழ். அங்கே காற்றிலேயே மீத்தேன் கலந்திருக்கிறது, எரிய வைக்கப் பிராணவாயுதான் வேண்டும். ஆகவே கிரில் அடுப்புக்குக் கீழே நிற்கும் உருளையில் இருப்பது பிராணவாயு. கல்யாணம் ஆகும் ஒவ்வொரு தம்பதிக்கும் வழங்கல் அலுவலகம் முத்திரையிட்டு ஒரே ஒரு விழா உருளை கொடுக்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான், ஆயுசுக்கும் இன்னொன்று கிடையாது.

அடுப்பு பொற்கொடியின் பிறந்த வீட்டுச் சீர். மூடியின் ஓரத்தில் 'பொற்கொடி – நீலமேகம்' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. முதல் கல்யாண நாளுக்கு அதைப் பற்ற வைக்கலாமா என்று கேட்டார் நீலமேகம். நாம் இரண்டு பேர் தின்பதற்கா என்றாள். மகள் நிறைமதி பிறந்தபோது பக்கத்து வீட்டாரைக் கூப்பிடலாம் என்றார். பக்கத்து வீட்டார் என்ன விருந்தாளியா என்றாள். நாத்தனார் குடும்பம் வந்தது. அவர்களுக்கு இதுவே அதிகம் என்று பாசிக்கூழ் காய்ச்சி ஊற்றி அனுப்பினாள். போகப் போக நீலமேகமும் அவள் கட்சிக்கு வந்துவிட்டார். நல்லதை நல்லவர்களுக்கென்று எடுத்து வைப்பதில் ஒரு சுகம் இருக்கத்தானே செய்கிறது.

அடுப்போடு வந்த குறிப்புத்தாள் அவளுக்கு மனப்பாடம். அதில் உள்ள எல்லாவற்றையும் தவறாமல் செய்தாள், ஒரே ஒரு வரியைத் தவிர. 'மாதம் ஒருமுறை உருளையின் திருகைத் திறந்து மூடவும். இல்லையேல் இறுகிவிடும்' என்று ஒரு வரி இருந்தது. திறந்தால் முத்திரை உடையும். திருகின் வெளிப்புறத்தை மட்டும் முகம் தெரியும் அளவுக்குத் துடைத்து வைத்திருந்தாள்.

இப்போது ஒருவழியாக வேளை வந்திருந்தது. நிறைமதியை ஏரிக்கரைக் குடியிருப்பில் கட்டிக்கொடுத்து ஆறு மாதமாகியும் சம்பந்தி வீட்டார் இன்னும் வாசல் மிதிக்கவில்லை. பத்து நாளில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொட்டி மீன் பன்னிரண்டுக்குப் பொற்கொடி சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம் பிராணவாயு ஆலை நின்றுபோனது.

வீடுகளுக்குப் பிராணவாயு ஒரு குழாயிலும் நைட்ரஜன் இன்னொரு குழாயிலும் வரும். முதல் குழாய் நின்றது, இரண்டாவது நிற்கவில்லை. அது கடமை தவறாமல் வீட்டை நிரப்பி, இருந்த நல்ல காற்றையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் சுவர்மானியின் முள் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. இன்னும் அரை மணி நேரத்தில் சீராகிவிடும் என்று வழங்கல் அலுவலகத்தின் குரல் அறிவித்தது. அரை மணி கழித்து அதையே அதே கனிவோடு மறுபடி அறிவித்தது.

இரண்டு மணிக்கு வீட்டு அவசரப் புட்டி தீர்ந்தது. மூன்று மணிக்கு நீலமேகத்தின் வெளிச்சட்டைப் புட்டியும் தீர்ந்தது. இருபது வருஷம் பனிச்சுரங்கத்தில் வேலை பார்த்து அவருக்கு நுரையீரல் பாதிதான் மிச்சம். கட்டிலில் சாய்ந்தபடி அவர் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்.

"அந்த உருளையை உள்ள கொண்டாந்து ஒரு சுத்து திறந்தா ராத்திரி வரைக்கும் தாங்கும்ல?"

பொற்கொடியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சம்பந்தி வர்ற நேரத்துல காலி உருளையையா காட்டறது? அரை மணியில வந்துரும்ங்கிறானே, பொறுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். வர்றவங்களுக்கு இருக்கட்டும்."

படிக்கிற உங்களுக்கு அவள் மேல் கோபம் வரும், வரட்டும். ஆனால் அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டுதான் இருந்தாள். விசிறியில் வந்ததும் நைட்ரஜன்தான்.

நான்கு மணிக்கு அவர் உதடு நீலம் பாய்ந்தது. பொற்கொடியை, எப்போதோ இறந்துபோன தன் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் சம்பந்தியாவது மண்ணாவது என்று எழுந்தாள். வெளியே போக வேண்டி வந்தால் என்று எடுத்து வைத்திருந்த தன் வெளிச்சட்டைப் புட்டியில் இருபது நிமிஷம் மிச்சம் இருந்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு காற்றுவாசலைத் தாண்டி ஓடினாள்.

உருளையை அடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்த மரையாணி அசையவில்லை. இருபத்தாறு வருஷக் குளிரில் அதுவும் திருகும் ஒன்றாகவே இறுகிக் கிடந்தன. ஸ்பானரை வைத்து அழுத்தப் போனவள் அதன் பல்லைப் பார்த்தாள். பளபளவென்றிருந்த மரையாணியையும் பார்த்தாள். கை தானாக நின்றது. திரும்பிப் போய் வெந்துணியை எடுத்து வந்து ஸ்பானரின் வாயில் சுற்றினாள். சுற்றியதும் பிடி வழுக்கியது. அவிழ்த்து, மடிப்பைக் குறைத்து மறுபடி சுற்றினாள். மறுபடியும் வழுக்கியது. வீட்டுக்குள் இருந்தவரை அவள் புத்தி மந்தித்திருந்தது என்று சொல்லலாம். முற்றத்தில் அப்படி இல்லை. முகமூடிக்குள் நல்ல காற்று, தெளிவான புத்தி. அந்தத் தெளிவான புத்தியோடுதான் மூன்றாம் முறையும் துணியைச் சுற்றினாள்.

பதினாறு நிமிஷம் போயிருந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே ஓடி, தன் முகமூடியைக் கழற்றி அவர் முகத்தில் வைத்து அழுத்தினாள். அவருக்கு அது தேவைப்படவில்லை.

நிவாரணக் குழு சிறிது நேரத்தில் வந்து சேர்ந்தது. இருதயராஜ் என்று ஒருவர் அவளைத் தூக்கி உட்கார வைத்து, புதுப் புட்டி மாட்டி, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு முற்றத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல மனிதர், குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை.

"இவ்வளவு பெரிய உருளை நிக்குதேம்மா. சுத்தியால ஓங்கி ஒரு தட்டு தட்டியிருந்தா கழண்டிருக்குமே?"

"நசுங்கிப் போயிருமே," என்றாள் பொற்கொடி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. இருதயராஜ் அடுத்த வீட்டைப் பார்க்கப் போனார்.

சொன்னபடியே சம்பந்தி வீட்டார் வந்தார்கள், துக்கத்துக்கு. காரியம் முடியும்வரை தங்கினார்கள். பதினாறாம் நாள் துக்கம் கழித்து எல்லாருக்கும் மீன் சமைக்க வேண்டும். பொற்கொடி பதினைந்து நாளாக முற்றத்துப் பக்கமே போகவில்லை. அடுப்பின் மேல் பிசின் படிந்து கிடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த சம்பந்தியம்மாள் சம்பூர்ணம், மனசு கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் போய்க் கோட்டுத் திசை பார்த்துப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு வந்தாள்.

பொற்கொடி முகமூடியை மாட்டிக்கொண்டு, சுத்தியலும் ஸ்பானருமாகக் காற்றுவாசலுக்கு வந்தாள். துணி எதுவும் எடுக்கவில்லை. இன்றைக்கு அதைக் கொளுத்திவிட வேண்டும். கறுக்கட்டும், நசுங்கட்டும், உருளையின் கடைசி மூச்சுவரை எரிந்து தீரட்டும். அதற்கு மேல் அவள் எதையும் யோசித்திருக்கவில்லை.

சம்பூர்ணம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது அவள் கண்ணும் வீங்கியிருந்தது. மனதாரத்தான் சொன்னாள்.

"எங்களுக்காகப் போயி இதைப் பத்த வைக்காதீங்க சம்பந்தி. உள்ளயே எதையாவது காய்ச்சிக்கலாம். பாருங்க, புதுசு மாதிரி இருக்கு, பாழாக்கலாமா? எங்க வீட்லயும் ஒண்ணு நிக்குது, முப்பது வருஷமா நான் யாரையும் தொட விட்டதில்லை. நீங்களும் அண்ணனும் சேர்ந்து வருவீங்க, அன்னைக்குத்தான் பத்த வைக்கணும்னு இருந்தேன்."