கரடி டூருக்குத் தனி ஜீப்

டிரிங்ங்ங்... டிரிங்ங்ங்...

போலீஸ் ஸ்டேஷன் போன் அலறியது.

காலை பத்து மணி பத்து நிமிடம். இன்ஸ்பெக்டர் சூர்யகலா மசால்வடையை வாய்க்குக் கொண்டு போன நேரம்!

வடையைத் தட்டிலேயே போட்டாள்.

"ஹலோ!"

"அம்மா... கொலைம்மா! பட்டுக்கடை மொதலாளி ரத்தமா கெடக்கறாரும்மா! ஜல்தியா வாங்கம்மா!"

"எந்தக் கடை?"

"தருமன் பட்டு மாளிகைம்மா... ஐயோ... என் கண்ணு முன்னாலயே உசுரு போச்சும்மா!"

லைன் செத்தது.

ஆரணியில் பட்டுக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசலில் சிங்கம் வைத்த பட்டுக்கடை ஒன்றுதான். சிமென்ட் சிங்கம். முதலாளி தருமன் அதற்கு வருஷா வருஷம் தங்கக் கலர் பெயின்ட் அடிப்பார்.

இனி அடிக்க மாட்டார்.

கடையின் ஆபீஸ் அறையில் குப்புறக் கிடந்தார் தருமன். அறுபத்திரண்டு வயது. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் துணி அளக்கும் இரும்புக் கோல். கைப்பிடியைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

மேஜை மேல் மூன்று விளம்பரப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஒரு கரடி, ஒரு இடிந்த கோபுரம், ஒரு ஜீப். அவற்றுக்குப் பக்கத்தில் அரக்குக் கலர் கல்யாணப் புடவை ஒன்று பாதி பிரிந்து கிடந்தது. அதன் கரையில் யாரோ கல்லால் உரசியிருந்தார்கள்.

"பச்சையப்பன், இந்தப் பொடவை எதுக்கு இங்க?"

ஏட்டு பச்சையப்பன் தொப்பியைச் சரி செய்தார்.

"பட்டுக்கடைல பொடவை இல்லாம பீரங்கியா மேடம் இருக்கும்?"

"உன்னைக் கேட்டேன் பாரு!"

வீடும் கடையும் ஒரே கட்டடம். முன்னால் கடை, நடுவில் தறிக்கூடம், பின்னால் வீடு. வழக்கமாகத் தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இன்று ஒரு தறியும் ஓடவில்லை. ஆடி அமாவாசை! அமாவாசையன்று தறியைத் தொட மாட்டார்கள். கடையும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

கொலைகாரன் நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறான்.

"போன் பண்ணது யாரு?"

துடைப்பத்தோடு ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"நான்தாம்மா... கன்னியம்மாள். பெருக்கற வேலை. சேர்ந்து நாலு நாளுதாம்மா ஆவுது."

"இன்னா பார்த்தே?"

"பத்து மணிக்கு உள்ள வந்தேம்மா. மொதலாளி கெடந்தாரு. உசுரு இருந்துச்சு. வாய்கிட்ட காதை வெச்சி கேட்டேன். ரெண்டு தபா சொன்னாரும்மா..."

"இன்னா சொன்னாரு?"

"சஃபாரி... சஃபாரின்னாரு. அப்டியே கண்ணு நட்டுக்கிச்சு!"

சூர்யகலா மேஜையைப் பார்த்தாள். கரடி அவளைப் பார்த்துச் சிரித்தது.

"நான் அப்பவே நெனச்சேன் மேடம்!"

கதவருகே ஒரு குரல். ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, மேலுக்கு ஒரு துண்டு. வேட்டி புத்தம் புதுசு. மடிப்புக் கோடு அப்படியே நின்றது. நெற்றியில் பட்டையாக விபூதி.

"யாரு நீங்க?"

"அன்புச்செல்வன் மேடம். கடை மேனேஜர். முப்பது வருஷமா இங்கதான். இன்னிக்கி அமாவாசை இல்லீங்களா... செத்துப் போன எங்க அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு நேரா வந்துகினு இருந்தேன். இந்தம்மா கத்தற சத்தம் கேட்டு ஓடியாந்தேன்."

"இன்னா நெனச்சீங்க?"

"இந்த சஃபாரி சண்டை கொலைலதான் முடியும்னு!"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மருமகப் பொண்ணு மதிவதனி. பெங்களூர்ல இருக்குது. மூணு வருஷத்துல நாலு தபாதான் இந்தக் கடைவாசப்படிய மிதிச்சிருக்கும். ஆடிக்கு வந்துச்சு. குடும்பத்தோட ஹம்பிக்குப் போவணுமாம். கரடி பாக்கணுமாம், இடிஞ்ச கோயில் பாக்கணுமாம். அதுக்குத் தனி ஜீப்பு வேணுமாம்! மொதலாளி ஒத்துக்கல. காலைல ஒம்போதரைக்குக் கூட வீடே அதிர்ற மாதிரி சண்டைன்னு கேள்விப்பட்டேன்."

"அதுக்காகக் கொலையா?"

"கோவம் மேடம். கோவத்துக்கு நாள் கிழமை தெரியுமா?"

மதிவதனியை அழைத்து வந்தார்கள். இருபத்தெட்டு வயது. கண் வீங்கியிருந்தது.

"ஒம்போதரைக்கு மாமனார்கிட்ட சண்டை போட்டியா?"

"போட்டேங்க."

"அப்புறம்?"

"மாடிக்குப் போயிட்டேன். கதவைச் சாத்திகினு அழுதேன்."

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லீங்க. அவரு... என் வீட்டுக்காரரு பிரபாகரன் பெங்களூர்ல இருக்காரு. இப்பதான் கிளம்பி வந்துகினு இருக்காரு."

சாட்சி இல்லை. சண்டை உண்டு. சாகும்போது சொன்ன வார்த்தையும் உண்டு!

"எதுக்கும்மா தனி ஜீப்பு? ஊர்ல எல்லாரும் பகிர்ந்துக்கற ஜீப்புலதானே போறாங்க? கரடி உன்கிட்ட மட்டும் கை குலுக்கணுமா?"

மதிவதனி நிமிர்ந்தாள். அழுகை நின்றது.

"பொது ஜீப்புல எட்டு பேரு. ஒருத்தன் பாட்டுப் போடுவான், ஒருத்தன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பான். கரடி ஓடிப் போயிடும். கல்லுத்தேருகிட்ட பத்து நிமிஷம் நிறுத்தி, போட்டோ எடுத்தீங்களா ஏறுங்கன்னு தள்ளிகினு போவாங்க. எங்க அத்தைக்கு முட்டி வலிங்க. ஏறி இறங்கவே பத்து நிமிஷம் ஆவும். தனி ஜீப்புன்னா அவங்களுக்காக நிக்கும். மூணு கம்பெனிக்கும் போன் பண்ணி டிரைவருக்கு வழி தெரியுமா, படிக்கட்டு இருக்குதான்னெல்லாம் கேட்டேன். எனக்காகக் கேட்டேன்னு மாமா நெனச்சிகினாரு."

சூர்யகலாவுக்கு எரிச்சலாக வந்தது. இவளை நம்பத் தோன்றியதால் வந்த எரிச்சல் அது. கொலை செய்தவர்கள் இவ்வளவு விவரமாக ஜீப்புக்குப் படிக்கட்டு தேட மாட்டார்கள். ஆனால் தோன்றுவதை வைத்துக் கொண்டு கோர்ட்டில் என்ன செய்வது?

வாசலில் கேமராக்கள் வந்து விட்டன. ஒருவன் சிமென்ட் சிங்கத்தின் மேல் கை வைத்துக் கொண்டு கத்தினான்.

"சஃபாரி ஆசையில் மாமனாரைச் சாய்த்த மருமகள்! பட்டு நகரத்தில் பயங்கரம்!"

கோர்ட்டே தேவையில்லை. மைக் பிடித்தவன் தீர்ப்பே எழுதி விட்டான். சிங்கம் ஒன்றுதான் பாக்கி, அதையும் சாட்சிக்கு இழுத்திருப்பான்.

"மேடம்..." பச்சையப்பன் காதோரம் வந்தார். "பொண்ணை வண்டில ஏத்திடலாமா? கூட்டம் சேருது."

மதிவதனி கை கூப்பினாள்.

"நான் செய்யலீங்க... எங்க அத்தை மொகத்துல நான் எப்டிங்க முழிப்பேன்?"

"உன் போனைக் குடு."

வாட்ஸ்அப்பில் தருமன் அனுப்பிய குரல் செய்திகள் வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் கேட்கப்படவே இல்லை.

"இதெல்லாம் ஏன் கேக்கலை?"

"எல்லாம் திட்டுங்க. ரெண்டு கேட்டேன். அப்புறம் விட்டுட்டேன்."

சூர்யகலா முதல் செய்தியைத் தட்டினாள். செத்தவரின் குரல் அறை முழுக்கக் கணீரென்று ஒலித்தது. கன்னியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

'மதி... கரடி டூருக்கு இவ்ளோ செலவா? நீ தனி ஜீப்புல வர்றேன்னு கரடிக்குத் தெரியுமா? எட்டு பேரோட குந்திகினு போனா இன்னா?'

அடுத்தது.

'இடிஞ்ச கோயிலைக் காட்டறதுக்கு ஒரு ஆளாம்! இடிஞ்சது நம்ம கண்ணுக்குத் தெரியாதா? கரடி டூருக்காரன் போன் பண்ணான். வெச்சிட்டேன். பேஜாரு!'

"கேட்டீங்களா மேடம், எவ்ளோ கோவம்!" என்றார் மேனேஜர்.

சூர்யகலா மூன்றாவதைக் கேட்டாள். நான்காவதைக் கேட்டாள்.

கரடி டூரு... கரடி டூரு... கரடி டூரு!

சட்டென்று நிமிர்ந்தாள்.

"செத்தவரோட சம்சாரம் எங்க?"

"செல்லியம்மாள் அம்மா உள்ள மயக்கமா இருக்காங்க. அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க மேடம்," என்றார் மேனேஜர்.

"கூட்டியாங்க!"

செல்லியம்மாள் முட்டியைப் பிடித்தபடி வந்தாள். நாற்காலியில் உட்காரவே நேரமாயிற்று. மதிவதனி தாங்கிப் பிடித்தாள். மாமியார் அந்தக் கையைத் தட்டி விடவில்லை. இறுக்கிப் பிடித்துக் கொண்டாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுக்காரர் இந்த ஜீப்பு பயணத்தை என்னான்னு சொல்லுவாரு?"

"கரடி டூருன்னுவாரு."

"சஃபாரின்னு சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டாருங்க. டூருக்கு அந்த வார்த்தையே அவரு வாயில வராது. அவருக்கு சஃபாரின்னா..."

"இருங்கம்மா!"

சூர்யகலா கடைசிச் செய்தியைத் தட்டினாள். இன்று காலை ஒன்பது மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு வந்தது. சண்டை நடந்து பதினோரு நிமிடத்தில்!

'மதி... அழுவாதம்மா. தனி ஜீப்பே புக் பண்ணு. உங்க அத்தை முட்டிக்காகத்தான் நீ கேக்கறேன்னு அவளே இப்ப சொன்னா. எனக்குத் தோணவேயில்ல பாரு. நான் ஒரு மடையன். கரடி டூருக்கு நானும் வரேன்... சரி, சஃபாரி வந்துட்டான். அவன்கிட்ட ஒரு பொடவையப் பத்திக் கேக்கணும். வெச்சிடறேன்.'

மதிவதனி வாயைப் பொத்திக் கொண்டு தரையில் சரிந்தாள்.

"நான் கேக்கவே இல்லியே... மாமா... நான் கேக்கவே இல்லியே!"

பச்சையப்பன் கூடத் தொப்பியைக் கழற்றினார்.

"சஃபாரி வந்துட்டான்," சூர்யகலா மெல்லச் சொன்னாள். "சஃபாரின்னா போற டூரு இல்லைய்யா, வர்ற ஆளு! யாரும்மா அது?"

செல்லியம்மாளின் விரல் உயர்ந்தது. மேனேஜரின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"இதோ நிக்கறாரே! சொக்காயும் பேன்ட்டும் ஒரே துணியில, நாலு பாக்கெட் வெச்சி... முப்பது வருஷமா சஃபாரி டிரஸ்தான். எங்க வீட்டுக்காரரு இவரு பேரைச் சொல்லியே நான் கேட்டதில்ல. சஃபாரி எங்க, சஃபாரி சாப்ட்டானான்னுதான் கேப்பாரு."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"என்னை யாரு கேட்டீங்க? மயக்கம்னு சொல்லி உள்ள படுக்க வெச்சதே இவருதானே!"

அன்புச்செல்வன் சிரிக்கப் பார்த்தார். பாதிதான் வந்தது.

"அம்மா துக்கத்துல பேசறாங்க மேடம். நான் வேட்டியில இருக்கேன், பாருங்க! காலைல அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு..."

டிரிங்ங்ங்... டிரிங்ங்ங்...

அவர் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அலறியது. எடுத்து அணைக்கப் பார்த்தார். போன் நழுவித் தரையில் விழுந்தது. திரை மேலே பார்த்தபடி மின்னியது.

பச்சையப்பன் குனிந்து படித்தார்.

"அப்பா!"

சூர்யகலா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"டேய் அன்பு! சுகர் மாத்திரை தீர்ந்து போச்சுன்னு காலைலயே சொன்னேனே, வாங்கினியா இல்லியா?" கிழக்குரல் ஒன்று உற்சாகமாகத் திட்டியது.

"வாங்கிடுவாருங்க," என்றாள் சூர்யகலா. வைத்து விட்டாள்.

"எள்ளுத் தண்ணி போய்ச் சேந்துடுச்சு போல மேடம்," பச்சையப்பன் தலையாட்டினார். "மேல டவர் நல்லா கெடைக்குது!"

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி கழட்டின சாக்ஸ் தடம் கணுக்கால்ல அப்டியே இருக்குது. வேட்டி கடை அலமாரியில இருந்து எடுத்தது, மடிப்புக் கூட கலையல. நானும் பார்த்துகினே நின்னேன் பாரு, என்னைச் சொல்லணும்! பச்சையப்பன், கடையைத் தேடு!"

ஐந்தே நிமிடம். கல்யாணப் புடவை வைக்கும் அட்டைப்பெட்டி ஒன்று கனமாக இருந்தது. உள்ளே சாம்பல் நிற சஃபாரி! நாலு பாக்கெட்டிலும் ரத்தம்.

அன்புச்செல்வன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விட்டார்.

செல்லியம்மாள் மேஜை மேலிருந்த அரக்குப் புடவையை இழுத்தாள். கல் உரசிய இடத்தை விரலால் பிரித்தாள்.

"அசல் ஜரிகையை உரசினா உள்ள செவப்புப் பட்டு நூல் தெரியுங்க. இது வெள்ளை. போலி! எங்க கடை பொடவையே இல்ல இது."

"எத்தினி நாளா எங்கியோ மெஷின்ல நெய்ஞ்சதைக் கடைப் பெட்டில போட்டு மாத்திகினு இருக்கீரு?" சூர்யகலா கேட்டாள்.

"ரெண்டு வருஷமா..." என்றார் அவர். "ஒரு கல்யாண வீட்ல கரை கறுத்துப் போச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மொதலாளி உரசிப் பார்த்துட்டாரு. அமாவாசை முடியட்டும், நாளைக்குத் தறிக்காரங்க எல்லாரையும் கூப்ட்டு உன் முன்னாலயே சொல்றேன்னாரு. முப்பது வருஷம் தலை நிமிர்ந்து நடந்த ஊரு மேடம்... அவரு திரும்பி நின்னப்ப என் கையில கோல் இருந்துச்சு."

"ஒரு சின்னப் பொண்ணு தலையில பழியப் போட்டியே, அப்ப அந்தத் தலை நிமிர்ந்துதான் இருந்துச்சா?"

விலங்கு மாட்டினார்கள்.

வாசலில் மைக் பிடித்தவன் குழம்பிப் போய் நின்றான். மருமகள் இல்லை, வேட்டி கட்டிய மேனேஜர் வருகிறார்! சிமென்ட் சிங்கத்தின் மேலிருந்து கையை எடுத்தான். கையெல்லாம் தங்கக் கலர் ஒட்டியிருந்தது.

"மேடம், மேடம்! அப்ப சஃபாரி மேட்டர் பொய்யா?"

"யாருய்யா பொய்ன்னது?" பச்சையப்பன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து அன்புச்செல்வனை உள்ளே தள்ளினார். "இதோ கிளம்பறாரு பாரு. கண்ணமங்கலம் வழியா நேரா வேலூர் ஜெயில். பழைய கட்டடம், உள்ள விதவிதமான மிருகம்... எவன் கூடவும் பகிர்ந்துக்க வேணாம், தனி ஜீப்பு!"