முப்பத்தாறாவது ஜன்னல்

முப்பத்தைந்து ஜன்னல்கள் இஸ்திரிப் பெட்டிக்கு அடங்கிப் படுத்துவிட்டன. முப்பத்தாறாவது மட்டும் அடங்க மறுத்தது.

தையல்காரி தண்ணீர் தெளித்து, பெட்டியை அழுத்தி, மனதுக்குள் பத்து எண்ணி எடுத்தாள். மஞ்சள் துணி தட்டையாகக் கிடந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதன் நடுப்பகுதி லேசாக உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது.

ஈரத் துணிதானே, ஆவி கட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில், மதியம் மூன்று மணிக்கே அறை மங்கிப்போயிருந்தது. தகரத்தில் சடசடக்கும் மழை, தையல் எந்திரத்தின் எண்ணெய் வாடை, சூடேறிய பருத்தியின் வாசனை, இவை எல்லாம் அவளுக்குப் பழகியவை. ஆனால் அந்த ஜன்னல்கள் சேர்ந்த போர்வையிலிருந்து இன்னொரு வாசனையும் வந்துகொண்டிருந்தது. தூங்கும் பிள்ளையின் உச்சந்தலை வாசனை.

போர்வை மருந்துக்கடைக்காரம்மாவுடையது. போன வருடம் அந்த அம்மா, தன் ஒரே மகளுக்கு மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியில் ஃபிராக் தைக்கக் கொடுத்தாள். மிஞ்சிய துணியில் தையல்காரி தன் மகள் வாண்டுவுக்கும் ஒன்று தைத்துப் போட்டாள். இரண்டு மாதம் முன்பு அந்த அம்மாவின் மகள் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய உடுப்புகள் எல்லாம், வெட்டிப் போர்வையாகத் தைக்க, ஒரு பை நிறைய இங்கே வந்து சேர்ந்தன.

"எல்லாம் அவளோட துணியா இருக்கணும்மா. வேற துணி ஒரு விரக்கடை கலந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. அந்த உடுப்புகளில் வெட்டிய வெள்ளைச் சதுரத்தின் நாலு மூலையையும் நடுவுக்கு மடித்து அழுத்த வேண்டும். மறுபடி நாலு மூலை, மறுபடி நடு. நடுவில் நாலு தையல். இப்படி மடித்த இரண்டு கட்டங்கள் சேரும் இடத்தில் வண்ணத் துண்டை வைத்து, மடிப்பின் விளிம்பை அதன்மேல் இமைபோல இழுத்துவிட்டுத் தைத்தால் ஒரு ஜன்னல்.

நேற்று கடைசித் துண்டு பெட்டியின் சூட்டில் தீய்ந்துபோனது. மாற்றுத் துண்டு இல்லை. பிள்ளை வளர வளர இறக்கிவிடலாம் என்று வாண்டுவின் ஃபிராக்கில் உள்மடிப்பாக நாலு விரல் துணி விட்டுவைத்திருந்தாள். அதிலிருந்து வெட்டி எடுத்துத் தைத்துவிட்டாள். ஒரே துணி, ஒரே சாயம். யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

"அம்மா..."

உள்ளறைக் கட்டிலில் வாண்டு சுருண்டு படுத்திருந்தாள், அதே மஞ்சள் ஃபிராக்கில். தூங்கினால் கட்டில் முழுவதையும் கடிகார முள் மாதிரி சுற்றி வரும் பிள்ளை. இப்போது முழங்கால்கள் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"ஏண்டி, குளிருதா? காலை நீட்டிப் படு."

"நீட்ட வரலம்மா."

"கூத்தடிக்காத. நாலு மணிக்கு மருந்துக்கடை அக்கா வந்துருவாங்க, வேலை கெடக்கு."

"நெஜம்மா. மடிச்சிருக்கு."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. "யாருடி மடிச்சது?"

"நீதான்."

சிரிப்பு பாதியில் நின்றது. மகளின் காலைப் பிடித்து மெல்ல இழுத்தாள். ஒரு சாண் வந்தது. கையை விட்டதும், அழுத்திய மடிப்பு தன் வரிக்குத் திரும்புவதுபோலத் திரும்பிப் போனது. முழங்காலின் பின்புறம் கத்தி வைத்த மாதிரி ஒரு கோடு. முழங்கையிலும் அதே கோடு. தோலில் சூடான பருத்தி வாசனை.

முன்னறைக்கு ஓடினாள். தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தாள். முப்பத்தாறாவது ஜன்னலின் ஓரத்தில் ஒரே ஒரு இழையை அறுத்தாள்.

உள்ளே வாண்டு வீறிட்டாள்.

ஓடிவந்து ஃபிராக்கைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றில் ஒரு பொட்டு ரத்தம். ஊசி குத்திய அளவுதான். பிரித்தால் பிள்ளை பிரிவாள். பிரிக்காவிட்டால்?

கதவு தட்டப்பட்டது.

மருந்துக்கடைக்காரம்மா குடையை மடக்காமலே உள்ளே வந்தாள். உட்காரவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிக்கொண்டே போன விரல்கள் கடைசியில் நின்றன.

"இது சூடா இருக்கே."

"அக்கா, மன்னிச்சிடுங்க. அது ஒண்ணு மட்டும் எங்க வாண்டு துணி. தீஞ்சு போச்சுன்னு... இதை இங்கயே விட்டுட்டுப் போங்கக்கா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அந்த அம்மா கோபப்படவில்லை. குனிந்து அதன்மேல் கன்னத்தை வைத்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"மூச்சு விடுறாம்மா."

"அது எம்பொண்ணுக்கா!"

"முப்பத்தஞ்சு எம்பொண்ணோடது. ஒண்ணுதானே உன்னோடது?"

தையல்காரி போர்வையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மா மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். துணி கிழியும் சத்தம். போர்வையில் ஒரு கிழிசலும் இல்லை. சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. கூடவே அலறலும்.

தையல்காரி கையை விட்டுவிட்டாள்.

மருந்துக்கடைக்காரம்மா போர்வையை மேஜையில் பரப்பினாள். நாலு மூலையையும் நடுவுக்கு மடித்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மறுபடி நாலு மூலை. மறுபடி நடு.

அலறல் நின்றது.

மடித்ததைப் பையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மழையில் இறங்கினாள். "நனையாதடி தங்கம்" என்று கொஞ்சும் குரல் தெருமுனைவரை கேட்டது.

பிறகு மழை மட்டும்.

தையல்காரி உள்ளறைக்குள் போனாள். ஒவ்வொரு அடியாக.

கட்டில் நடுவில் ஒரு சதுரம். தலையணை அளவு. மஞ்சள். வெள்ளைப் புள்ளிகள். நடுவில் நாலு தையல், அவள் கைத்தையல்.

உப்பியது. தணிந்தது.

மடிப்பின் விளிம்பு இமைபோல மெல்ல விலகியது. உள்ளே, ஈரமாக, ஒரு கண். அது அங்குமிங்கும் அலைந்து, அம்மாவைக் கண்டுபிடித்து, அவள்மேலேயே நிலைத்தது.