மூக்கம்மாவுக்கு எட்டாத வாடை

காலையில் தேநீரை வாங்கும்போதே கணவன் மூக்கைச் சுருக்கினான். "புது மழைக்கோட்டு ஏதாவது பிரிச்சியா?"

"மழையே இல்ல, கோட்டு எதுக்குங்க?"

வாடை என்றால் முதலில் அவளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். மூக்கம்மா என்ற பட்டம் சும்மா வரவில்லை. அடுத்த தெருவில் பால் அடிப்பிடித்தால் இவள் தன் வீட்டு அடுப்பை அணைப்பாள். மழைக்கு ஒரு நாள் முன்பே கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவாள். காயப்போடும் முன்பே எடுத்ததாகச் சொல்பவர்களும் உண்டு, அவ்வளவு தூரம் நம்ப வேண்டாம். அந்த மூக்குக்காகத்தான் குளியலறைத் திரை செய்யும் தொழிற்சாலை அவளை வாடை பார்க்கும் வேலையில் வைத்தது. இயந்திரத்திலிருந்து சூடாக இறங்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் திரையிலும் முகத்தைப் புதைத்து முகர வேண்டும். வாடை தூக்கலாக இருந்தால் ஒதுக்க வேண்டும். ஆறு வருடம் முகர்ந்தாள். ஏழாவது வருடம் ஒரு திரையைக்கூட ஒதுக்கவில்லை. சரக்கு தேறிவிட்டது என்று முதலாளி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். சரக்கு தேறவில்லை, அவள் மூக்குதான் அந்த ஒரு வாடைக்குச் செத்துப்போயிருந்தது.

மாதவிலக்கு முதலில் தேதி தவறியது. பிறகு மாதம் தவறியது.

"பிளாஸ்டிக்கை வளைய வைக்கிற ரசாயனம் சிலது உடம்புக்குள்ள ஹார்மோன் மாதிரி வேஷம் கட்டும்மா," என்றாள் டாக்டர். "சினைப்பை அதை நெஜ உத்தரவுன்னு நம்பிடலாம். உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வேலை வேண்டாம்."

வேலையை விட்டு நான்கு மாதம் ஆயிற்று. மூன்று முறை அவள் சினைப்பையிலிருந்து முட்டை எடுத்தார்கள். தேறியது ஒரே ஒரு கரு. ஐந்து நாளாக ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்ந்த அதை, இன்று பதினொரு மணிக்கு அவள் வயிற்றில் வைக்கப்போகிறார்கள். இனி முட்டை எடுக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. "இந்தத் தடவையாவது நின்னு தொலையட்டும்," என்று மாமியார் வாழ்த்தி அனுப்பினாள்.

மருத்துவமனையில் ஒரு கண்டிப்பு உண்டு. கரு வைக்கும் நாளில் சென்ட், பவுடர், நகப்பூச்சு எதுவும் கூடாது. கருவுக்கு வாடை ஆகாது. மூன்று நாளாக வெறும் தண்ணீரில் குளித்து, பழைய பருத்தித் துணியில் வந்திருந்தாள். இருந்தும் பக்கத்து நாற்காலிக்காரி ஒரு நாற்காலி தள்ளிப் போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

நர்ஸ் வந்து நின்றாள். "யாரு அது, புது பிளாஸ்டிக் பாய் விரிச்ச மாதிரி? நீங்களா? போய்க் குளிச்சுட்டு வாங்க."

"காலையில ரெண்டு தடவை குளிச்சேன் சிஸ்டர்."

"மூணாவதா குளிங்க. தேய மாட்டீங்க."

குளியலறை நீளமாக, சன்னல் இல்லாமல், எங்கோ சொட்டும் தண்ணீரின் சத்தத்தோடும் தலைக்கு மேல் முனகும் காற்றாடியோடும் ஈரமாக இருந்தது. வெந்நீரைத் திறந்ததும் ஆவி எழும்பிச் சுவரையும் விளக்கையும் அவள் கால்களையும் மெல்ல விழுங்க, நடுவில் தொங்கிய திரை அசைந்து உள்ளே வந்தது. வெந்நீர் ஓடினால் திரை உள்ளே வரும். காற்று செய்யும் வேலை அது. அந்தத் தொழிலில் இருந்தவளுக்குத் தெரியாததா? குழாயை மூடினாள்.

திரை திரும்பிப் போகவில்லை.

அவள் தொப்புளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக, ஒரு உள்ளங்கை அளவுக்கு. அவள் மூச்சு விட்டபோது அதுவும் தளர்ந்தது. பிய்த்து எடுத்தாள். காயத்திலிருந்து பிளாஸ்திரி உரியும் சத்தம். அவள் தோல் பளபளத்தது. வாடை மட்டும் அப்போதும் தெரியவில்லை.

ஆய்வக வாசலில் முகக்கவசம் போட்ட ஆய்வகக்காரி காத்திருந்தாள். கதவுக்கு மேல் காற்றின் சுத்தத்தை அளக்கும் மீட்டர். மூக்கம்மா ஓர் அடி வைத்தாள். எண் ஏறியது. பின்வாங்கினாள். இறங்கியது.

"கிட்ட வராதீங்க."

"என் பிள்ளை உள்ள இருக்கும்மா. அது ஒண்ணுதான்."

"அதனாலதான் சொல்றேன். வேணும்னா இங்கிருந்தே பாருங்க."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நுண்ணோக்கியின் கணினித் திரையில் தட்டு பெரிதாகத் தெரிந்தது. நடுவில் ஒரு சின்ன உருண்டை. அவள் அழுதாள். கண்ணாடியில் கை வைத்தாள்.

உருண்டை நகர்ந்தது. அவளை விட்டு விலகி.

"தட்டு ஆடுதா?"

"இல்லையே," என்றாள் ஆய்வகக்காரி. குரல் அடங்கிப்போயிருந்தது.

மூக்கம்மா கண்ணாடியின் மறுகோடிக்குப் போனாள். உருண்டை திரும்பி உருண்டது. எதிர் விளிம்புக்கு. அங்கே ஒட்டி, தட்டையாகி, நடுங்கியது.

"வேண்டாம்," என்றாள் மூக்கம்மா. "வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும்."

"கடைசி நேரத்துல எல்லாரும் இப்படித்தான் பயப்படுவாங்க," என்றபடி டாக்டர் வந்தாள். "மீட்டர் கெட்டுக் கிடக்கு. மணி பதினொண்ணு. படுக்க வைங்க."

கையைப் பிடித்தார்கள். படுக்க வைத்தார்கள். விளக்கைக் குறைத்தார்கள். மெல்லிய குழாய் உள்ளே போனது. ஸ்கேன் திரையில் கறுப்புக் குழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது.

"பாருங்க," என்றாள் டாக்டர், "பிள்ளை வீட்டுக்கு வந்தாச்சு."

குழாய் வெளியே வந்தது. கருப்பையின் வாய் மூடியது.

புள்ளி அசைந்தது. வந்த வழிக்கே ஓடியது. மூடிய வாயில் மோதியது.

மீண்டும் மோதியது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டாள். மூக்கம்மா அசையாமல் படுத்திருந்தாள். அடிவயிற்றில் அவளுக்கு மட்டும் தெரிந்தது. தட்டல். விடாத தட்டல். உள்ளேயிருந்து.