உள்ள யாராச்சும் இருக்கீங்களா

சாயங்காலம் ஏசி ஆட்களும் பெயின்டர்களும் கிளம்பிப் போன பிறகுதான் மோகனப்பிரியா அதைக் கேட்டாள். பழைய இரும்புக் கதவு இருந்த பக்கத்தில், வெளியிலிருந்து, உள்ளங்கையால் அறைவதுபோல மூன்று தட்டு. அந்தக் கதவைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. அங்கே இப்போது செங்கல் சுவர் எழுப்பி, பட்டி பார்த்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. சுவரைத் தட்டினால் இரும்பு அதிருமா?

கணபதிப் பகுதியில் அப்பா நடத்திய கொப்பரைத் தேங்காய்க் கிடங்கு அது. காங்கேயத்திலிருந்து வரும் கொப்பரையில் பூசணம் பிடிக்காமலிருக்கக் கந்தகம் எரித்துப் புகை போடுவார்கள். பூட்டுவதற்கு முன் வெளியே நின்று கதவைத் தட்டி, உள்ளே ஆளிருக்கிறதா என்று கேட்பது வழக்கம். மூட்டை இடுக்கில் கண்ணயர்ந்த சுமைக்காரர் யாராவது இருந்தால் பதிலுக்குத் தட்ட வேண்டும். ஒருநாள் அழகிரிசாமி என்ற சுமைக்காரர் தட்டவில்லை; பூட்டிப் புகை போட்டுவிட்டார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் அப்பா கடைசிவரை சொன்னார்.

அண்ணன் மனோஜ்குமார் இடத்தை விற்கத் துடித்தான். அவள்தான் மல்லுக்கட்டி ஆபீசாக மாற்றினாள். காலையில் வாடகைக்குக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் விற்கச் சம்மதம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

மறுபடி தட்டு. போனை எடுத்தாள்.

"ஏனுங்கண்ணா, ஆள் வெச்சுத் தட்டி என்னைய மிரட்டறீங்களா?"

"நான் எதுக்குக் கண்ணு ஆள் வெக்கறேன்?" அண்ணனின் குரல் இறங்கியது. "பிரியா, பதிலுக்குத் தட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்துரு."

"நம்ம எடத்துல நான் இருக்கறதுக்கு யாருக்குங்க பதில் சொல்லோணும்? முடியாதுங்க."

வேண்டுமென்றே ஒரு நாற்காலியை அந்தச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். இதற்கெல்லாம் எழுந்து ஓடுகிற பிறவியா அவள்? புது பெயின்ட் வாசமும் கார்ப்பெட் பசை வாசமும் மெல்ல மெல்ல அடங்க, அவற்றுக்கு அடியிலிருந்து காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை எழும்பி, சுவரோரமாக நகர்ந்து அவள் காலடி வரைக்கும் வந்தது.

மூன்றாம் முறை தட்டு.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

குரலில் மிரட்டல் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனின் அவசரம்தான் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

சத்தம் ஓய்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

அப்போது தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு திரும்பியது.

புதிதாக வைத்திருந்த கண்ணாடி வாசலைப் பார்த்தாள். கண்ணாடி இல்லை. சுவர்.

ஏசி துவாரங்களிலிருந்து புகை. தீக்குச்சி உரசிய நெடி. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது.

"இருக்கறேனுங்க! உள்ள இருக்கறேனுங்க!"

ஓடிப்போய் இரண்டு கையாலும் சுவரை அறைந்தாள். இரும்பு அதிர்ந்தது. வெளியே காலடிச் சத்தம் தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கைகளுக்குப் பக்கத்தில், புகைக்குள், இன்னொரு ஜோடிக் கை அறைந்துகொண்டிருந்தது. தோலெல்லாம் உரிந்த கை. இத்தனை வருஷமும் ஒருநாள்கூட நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்த கை.