வலியறியும் கதிர்

பல் வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் விபூதி இட்டு, பவுடர் பூசி, கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பினார்கள். பல்லைக் குடையும் கருவியின் இரைச்சல் ஈரோட்டில் ஓய்ந்தே போயிருந்தது. ஓய வைத்தவர் டாக்டர் குழந்தைவேலு.

அவர் செய்த மென்கதிரி பல்லைத் தொடவே தொடாது. சொத்தையில் ஊறிய ஈரத்தை லேசர் கதிரால் ஆவியாக்கி, சொத்தையைப் பொடியாக உதிர்க்கும். கூடவே பல் நரம்பின் துடிப்பைப் படித்துக்கொண்டிருக்கும். துடிப்பு வலியின் அளவைத் தொட்டால் கதிர் தானாகத் தணியும். எந்தத் துடிப்பு வலி, எது வலியில்லை என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள், அவரிடம் வந்துபோன நோயாளிகள்.

பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மென்கதிரி வாங்கலாமா என்று பார்க்க அன்று சுகாதாரத் துறைச் செயலர் வந்திருந்தார். முதலில் டாக்டர் உட்காருவார், அடுத்து அவர் மகள் நறுமுகை. எட்டு வயது. இருவருக்கும் கடைவாயில் சொத்தை. பல் டாக்டர் வீட்டிலேயே சொத்தை என்றால் ஊர் சிரிக்கும். அவர் அதையும் விளம்பரமாக்கிவிட்டார்.

"வலிக்குமாப்பா?" என்றாள் நறுமுகை.

"நான் உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன் கண்ணு. வலிச்சா நீ உக்கார வேண்டாம்."

மென்கதிரியின் தாடைத்தொட்டில் அவர் முகத்தைப் பதமாகப் பற்றிக்கொண்டது. நிறுத்துவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. பொத்தானைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று எடுக்கச் சொன்னவர் அவர்தான். தன் கருவியில் அவர் வாயைத் திறப்பது இதுவே முதல் தடவை.

கதிர் இறங்கியது. கடைவாயில் பிடித்த நெருப்பு காது வழியாக ஏறி, உச்சந்தலையில் கூடாரம் போட்டது. கத்த நினைத்தார், தொட்டில் தாடையை விடவில்லை. எதிரே திரையில் பச்சை எழுத்து: வலி இல்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மென்கதிரியின் பயிற்சிக் காலத்தில் அவர் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டார், "வலிக்குதுங்களா?" ஒவ்வொருவரும் சொன்னார்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர்." மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் கண்ணில் நீர் தாரைதாரையாக வழிய, "தூசிங்க, நீங்க பாருங்க" என்றார். அத்தனை படித்த மனுசன் முகத்துக்கு நேரே வலிக்கிறது என்றால் கைராசியைக் குறை சொன்னதாகிவிடாதா? ஊரின் மரியாதை முழுவதையும் மென்கதிரி பாடமாக ஏற்றிக்கொண்டிருந்தது. மனிதன் துடிதுடித்தால் அது அதன் அகராதியில் நிம்மதி.

தொட்டில் விலகியது. நர்ஸ் பிலோமினா முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஏசி பத்தலீங்களா சார், இப்படி வேர்த்திருக்குது?"

"எப்படி இருந்துச்சு டாக்டர்?" என்றார் செயலர்.

நறுமுகை அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். மென்கதிரி காயலான் கடைக்குப் போகும், அவர் பெயரும் பின்னாலேயே போகும். இவளுக்குச் சின்னச் சொத்தைதான், நரம்புவரை போகாது என்று அவர் தன் மனசுக்கு வைத்தியம் பார்த்தார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுங்க."

நறுமுகை ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கால்விரல்கள் சுருண்டு, விறைத்து, மறுபடி சுருண்டன. திரை பச்சையாகவே இருந்தது. "என்ன சமத்துங்க உங்க பொண்ணு" என்றார் செயலர். குழந்தைவேலு சிரித்தார். சிரிக்கையில் பல் வலித்தது.

"வலிச்சுதா பாப்பா?" என்று அவளிடம் கேட்டார் செயலர்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். மென்கதிரி அதையும் கற்றுக்கொண்டது. செயலர் கைகுலுக்கிவிட்டுப் போனார். அடுத்த மாதமே எல்லாப் பள்ளிகளுக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நறுமுகை மெதுவாகக் கேட்டாள். "நெசமாவே உங்களுக்கு வலிக்கலியாப்பா?"

"இல்ல சாமி."

"அப்ப எனக்கு மட்டுந்தான் வலிச்சுதா?"

சிக்னலில் விளக்கு மாறிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஆமாங் கண்ணு. உனக்கு மட்டுந்தான்."

அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "யாருகிட்டயும் சொல்லீராதீங்கப்பா" என்றாள். "வெக்கமா இருக்குது."