சொன்னதைச் சொல்லும்

கொண்டுபோய்ப் போடலாம் என்று அவன் வாங்கி வந்த செருப்பு, அங்கே ஏற்கெனவே கிடந்தது.

மூடிப்போன நூல் மில்லின் பின்பக்கத்துப் பம்பு அறை அது. கூரைத் தகரத்தின் ஓட்டைகளில் மாலை மழை ஒழுகிக்கொண்டிருக்க, துருவும் பழைய கிரீஸும் எலிப் புழுக்கையும் சேர்ந்து நாறிய அந்த ஈர இருட்டில், டார்ச் வெளிச்சம் போய் நின்ற இடத்தில், சின்னதாக ஒரு சிவப்புச் செருப்பு. ஒற்றைச் செருப்பு. ரோந்துக்காரன் முதலில் தன் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைத்தான் திறந்து பார்த்தான். வழியில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஜோடி, இரண்டையும் சேர்த்துக் கட்டிய நூல்கூட அறுபடாமல் உள்ளே பத்திரமாக இருந்தது. தரையில் கிடந்ததும் அதே சிவப்பு, அதே அளவு, வாரின் மேல் அதே வெள்ளைப் பூ. ஆனால் அது புதிதில்லை. உள்பக்கம் தேய்ந்து, ஐந்து விரலும் குதிகாலுமாக ஒரு பிஞ்சுப் பாதம் கறுப்பாகப் பதிந்திருந்தது.

நகர ரோந்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் அவன். ஸ்டேஷனில் அவனுக்கு ‘வாத்தியார்’ என்று பட்டப்பெயர். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்புகிற கூட்டத்தில், கையே ஓங்காமல் கேஸ் முடிக்கிறவன் என்று பெயர் எடுத்திருந்தான். பிடித்து வந்த ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தாலாட்டுகிற குரலில் ஒவ்வொரு வரியாகச் சொல்வான். எதிராளி திருப்பிச் சொல்ல வேண்டும். நான் போனேன். நான் போனேன். நான் எடுத்தேன். நான் எடுத்தேன். பொழுது சாய்வதற்குள் அந்த ஆளுக்கே, ஒருவேளை நாம்தான் செய்தோமோ என்று தோன்றிவிடும். அப்படி எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியிருக்கிறான். அதற்காக ஒரு நாளும் அவனுக்குத் தூக்கம் கெட்டதில்லை.

இந்தத் தடவை ஒரு குழந்தை விவகாரம். தையல்காரி ஒருத்தியின் ஏழு வயது மகளைக் காணவில்லை. தாய்க்காரி ஸ்டேஷன் படியிலேயே விழுந்து கிடந்தாள், பத்திரிகைக்காரர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள், மேலதிகாரிக்கு இன்றைக்குள் ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கா பஞ்சம்? தள்ளுவண்டியில் பழைய அட்டை பொறுக்கித் திரிகிற ஒருத்தன் இருந்தான். எதைக் கேட்டாலும் கேட்டதையே திருப்பிச் சொல்வதால் அவனைக் ‘கிளி’ என்பார்கள். வாத்தியாருக்கு அதைவிட நல்ல மாணவன் கிடைப்பானா?

பெரிய பொய்யை நிற்கவைப்பது சின்னச் சின்ன உண்மைதான் என்பது அவன் கண்ட பாடம். அந்தச் சின்ன உண்மைகளுக்காகத் தையல்காரியிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். அவள் அழுகையைக் கேட்க அவனுக்கு அலுப்பாக இருந்தது. அதே வயதில் வீட்டில் ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று நினைத்துவிட்டான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கேட்காத வாயெல்லாம் கேட்டு முடித்தபிறகு பிறந்தவள். உலகத்தில் அவன் யாருக்காவது பயந்தான் என்றால் அவள் காய்ச்சலுக்குத்தான் பயந்தான். கதைக்கு வேண்டியதையெல்லாம் அவளிடமிருந்து எடுத்தெடுத்துக் கோத்தான். ஜீப்பின் பின்சீட்டில், மழை கண்ணாடியில் வழிய, கிளியின் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தான்.

“சாயங்காலம் மழை. நான் வண்டியைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினேன்.”

“நான் வண்டியைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினேன்.”

“குட்டின்னு கூப்பிட்டேன். சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தா. முன்பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு. என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டா.”

கிளி வரி பிசகாமல் சொன்னான். மில்லுக்குக் கூட்டிப் போனேன், ஒரு செருப்பு கழன்று விழுந்தது, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினேன், சாக்கைப் போட்டு மூடினேன். முன்சீட்டில் டிரைவர் பல்லைக் குத்திக்கொண்டே, “தவளை தன் வாயாலதான் கெடும்பாங்க சார், இவன் உங்க வாயால கெடுறான்” என்று சிரித்தான்.

இப்போது பம்பு அறையில், செருப்பைப் பார்த்ததும் ரோந்துக்காரனுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அல்லவா இருக்கிறது? குருட்டாம்போக்கில் பிடித்த ஆளே உண்மையில் செய்தவன் போலிருக்கிறது. தொட்டி மூலையில் இருந்தது. அதன் மேல் ஒரு சாக்கு, தான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஓரம் மடித்துவிடப்பட்டு, படுக்கைக்குப் போர்வை விரித்த பதவிசில். மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கை விலக்கினான்.

உள்ளே ஒன்றுமில்லை. கூரை முழுக்க ஒழுகியும் தொட்டிக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. வருஷக்கணக்காக யாரும் வராத இடத்தில், அந்தத் தொட்டியின் அடியை மட்டும் யாரோ பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். வாடகைக்கு விடப்போகிற அறை மாதிரி சுத்தமாக இருந்தது.

அவன் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். நடந்துதான் வந்தான். ஆனால் கடைசிக் கொஞ்ச தூரம் கால்கள் தாமாகவே வேகமெடுத்தன.

ஜீப்பில் டிரைவர் ஒயர்லெஸ்ஸைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். “சார், கெட்டுச்சு போங்க. தையல்கார அம்மா பொண்ணு கிடைச்சாச்சாம். பிரிஞ்சு போன புருஷன்தான் தூக்கிட்டுப் போயிருக்கான். பிள்ளை நல்லா இருக்காம். பிடிச்ச ஆளை விட்டுடச் சொல்றாங்க.”

“நல்லா இருக்கா?”

“கீறல்கூட இல்லையாம்.”

அவன் கையில் செருப்பு இருந்தது. தையல்காரியின் பெண் வீடு திரும்பிவிட்டாள். தொட்டி தயாராக இருக்கிறது, சாக்கு தயாராக இருக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை சொல்லி முடித்த கதை தயாராக இருக்கிறது. பிள்ளைதான் இல்லை. அந்தக் கதையில் பல் ஆடுகிற பிள்ளை எது, சுண்டுவிரலைப் பிடித்து நடக்கிற பிள்ளை எது என்று நினைத்துப் பார்த்தான். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான்.

“குட்டி எங்க?”

“இங்கதான் இருக்கா,” என்றாள் மனைவி. “ஒத்தச் செருப்பைக் காணோம்னு வீட்டையே தலைகீழாக் கவுத்துட்டு இருக்கா. ஏங்க, குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு?”

“கதவைச் சாத்து. தாழ்ப்பாள் போடு. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காத. புரியுதா? நான் வந்தா மட்டும் திற.”

சொல்லிவிட்டுத்தான் கிளியின் பக்கம் திரும்பினான். கிளி பின்சீட்டில் விலங்கோடு, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்குப் போகிற பிள்ளை பாடத்தை ஒப்பித்துப் பார்ப்பது போல.

“நிறுத்துடா. அது வேண்டாம். புதுசாச் சொல்லு. நான் எங்கயும் போகலை.”

“நான் எங்கயும் போகலை.”

“நான் எந்தப் பிள்ளையையும் கூப்பிடலை. தொடலை.”

“நான் எந்தப் பிள்ளையையும் கூப்பிடலை. தொடலை.”

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான். மழை வலுத்தது, கண்ணாடியெல்லாம் அவன் மூச்சால் பூத்துப்போனது, தொண்டை வறண்டது, அப்படியும் விடவில்லை. ஒருவழியாக நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. அப்போது கிளி தலையைச் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்டான். முகத்தில் நிஜமான குழப்பம்.

“ஐயா, ஆனா அங்க வேற மாதிரி சொல்லிக்கொடுக்கிறாங்களே. நான் எதைச் சொல்றது?”

“எங்கடா? யாரு?”

“நீங்கதான் ஐயா.” கிளி விலங்கு பூட்டிய கைகளைத் தூக்கி, பம்பு அறையைக் காட்டினான். “நீங்க இன்னும் உள்ளதான உக்காந்திருக்கீங்க. நான், நான்னு சொல்லிட்டே இருக்கீங்க.”

டிரைவர் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் விட்டான்.

தகரத்தில் மழை. மழைக்கு அடியில் இன்னொரு சத்தம். மெதுவாக, பொறுமையாக, ஒரு வரி சொல்லி, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுவரி சொல்கிற ஒரு குரல். வார்த்தை தெரியவில்லை. குரல் தெரிந்தது. யாருக்குத்தான் சொந்தக் குரல் தெரியாது?

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் கை ஓங்கினான். லத்தியின் அடிமுனையால் கிளியின் வாயிலேயே இடித்தான். பல் உடைகிற சத்தம் கேட்டது. மறுபடி இடித்தான். டிரைவர் “சார், சார்” என்று கையைப் பிடித்து இழுக்கும்வரை இடித்தான். சொல்ல வாய் இருந்தால்தானே சொல்வான் என்று நினைத்தான். கிளி கத்தவில்லை. ரத்தம் மோவாயில் வழிய, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. இரக்கம் இருந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

“வீட்டுக்கு விடுய்யா வண்டியை.”

வழியெல்லாம் ஒரே நெரிசல். வைப்பர் போய்ப் போய் வந்தது. சிவப்பு விளக்குகள் மழையில் கரைந்து கண்ணாடி முழுக்க ஓடின. பின்சீட்டிலிருந்து சத்தமே இல்லை. கிளி பேசவில்லை. இனிப் பேச முடியாது. நல்லதுதான். எல்லாம் முடிந்தது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உரக்கவே சொன்னான். டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் நிறுத்திக்கொண்டான்.

தெரு. வீடு.

கதவு திறந்திருந்தது.

மனைவி வாசலில் நின்றாள், மழைச் சாரலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. அவனைப் பார்த்ததும் சலிப்பாகச் சிரித்தாள்.

“மறுபடி என்ன? எதை மறந்துட்டீங்க?”

“குட்டி எங்க?”

“என்னங்க கேள்வி இது? இப்பதானே வந்து கூட்டிட்டுப் போனீங்க.”

“நான் வரலைடி.”

“விளையாடாதீங்க. வண்டி இதே இடத்துலதான் நின்னுச்சு. நான் வந்தா மட்டும் திறன்னு சொன்னீங்க, திறந்தேன். குட்டின்னு கூப்பிட்டீங்க. ஒத்தச் செருப்போட ஓடுறாளே, நில்லுங்கன்னு கத்துனேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை.” அவள் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. “உங்க விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே போனா. ஏங்க. அவ எங்க?”

அவன் தலையை நீட்டி வீட்டுக்குள் பார்த்தான்.

உள்ளே அவள் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். திரையில் அவன் பெயர். அவன் போன் அவன் கையிலேயே இருந்தது. இருண்டு. அணைந்து. அவள் விரல் பட்டதில் ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

தகரத்தில் மழை பெய்கிற சத்தம். பிறகு அந்தக் குரல். தாலாட்டுகிற குரல்.

“சொல்லு குட்டி. அப்பாதான் கூட்டிட்டு வந்தாரு.”

“அப்பாதான் கூட்டிட்டு வந்தாரு.” ஆடுகிற பல்லில் காற்று இடறுகிற பேச்சு.

“உள்ள இருட்டா இல்லை.”

“உள்ள இருட்டா இல்லை.”

ஏதோ கனமாக, சொரசொரப்பாக, கல்லின் மேல் இழுபட்டது.

“எனக்குப் பயமா இல்லை.”

“எனக்கு...” ஒரு விசும்பல். “எனக்குப் பயமா இல்லை.” குரல் இப்போது எதற்கோ அடியிலிருந்து வந்தது.

“எனக்கு வலிக்கலை.”

மழை.

“சொல்லு. எனக்கு வலிக்கலை.”

மழை மட்டும்.

“சொல்லு குட்டி.”

மனைவி போனைப் பார்க்கவில்லை. அவள் பின்வாங்கிப் போய், சுவரில் முதுகு இடித்து நின்று, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியும் போனில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவன் உதடுகள் அதைச் சொல்லி முடித்திருந்தன.